குடும்ப நலம்: மின்தூண்டலின் துணையால் எழுந்து நிற்கத் தகுதியுள்ளவர் யார்?



மும்பையின் புறநகர்ப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் இப்பக்கத்திற்கு வந்திருக்கிறது. கட்டிடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை செய்துவந்த அவருடைய கணவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து தவறி விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அன்றுமுதல் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அண்மையில் ஒருவர் வீட்டுக்கு வந்து கைபேசியில் ஒரு காட்சியைக் காண்பித்திருக்கிறார். அதில் தொடைகளில் மின்கம்பிகள் ஒட்டப்பட்ட ஒரு வாலிபர் சக்கர நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நிற்கிறார். "இந்த இயந்திரத்தை வாங்கிவிட்டால் உங்கள் வீட்டுக்காரரும் இப்படி நிற்பார்" என்று அந்த மனிதர் சொன்னாராம். "ஊரிலுள்ள வீட்டை அடமானம் வைத்து வாங்கிவிடலாமா? என் கணவர் இதற்குத் தகுதியானவர்தானா?" என்று சகோதரி கேட்கிறார்.

அந்தக் காட்சி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்படி நிற்பவர்கள் உண்டு. ஆனால் சகோதரி இரண்டாவதாகக் கேட்ட கேள்வியைத்தான் முதலாவது கேட்க வேண்டும். இத்துறையில் உழைத்த மருத்துவர்கள் யாவரும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் நோயாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கே இம்முறை பயன்படும். மற்றவர்களுடைய தொடையில் எத்தனை விலையுயர்ந்த இயந்திரத்தை வைத்தாலும் தசை அசையாது.

இதை விளங்கிக்கொள்ள நம் குடியிருப்புகளில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் வரும் மின்சாரக் கம்பி அறுந்துபோனால் வீடு இருளாகிறது. ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் வயர்கள் நன்றாயிருந்தால், ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இணைத்தவுடன் விளக்கு எரியும். வீட்டுக்குள்ளிருக்கும் வயர்களே கருகிப்போயிருந்தால் ஜெனரேட்டரால் பயனில்லை. நம் உடலிலும் அவ்வாறே மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியாக இறங்கிவரும் நரம்புப் பாதை ஒன்று. தண்டுவடத்திலிருந்து புறப்பட்டுத் தசைவரை செல்லும் நரம்பு மற்றொன்று. முதற்பாதை மட்டும் அறுபட்டு, இரண்டாவது நரம்பு உயிரோடிருக்குமானால், தோலின்மேல் ஒட்டப்படும் மின்முனைகள் அந்த நரம்பைத் தூண்டும். நரம்பு தசையைச் சுருக்கும். தொடையின் முன்புறத்திலுள்ள குவாட்ரிசெப்ஸ் தசை சுருங்கினால் முழங்கால் நீண்டு நிமிரும். இரு முழங்கால்களும் நிமிர்ந்து நின்றால், கைகளால் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கலாம். இரகசியம் இவ்வளவுதான். மின்சாரம் தூண்டுவது தசையை அல்ல, அதற்குச் செல்லும் நரம்பையே என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாவது நரம்பு உயிரோடிருக்கிறதா என்பதை அறிவது எப்படி? இங்கேதான் குடும்பத்தார் பெரும்பாலும் தலைகீழாக எண்ணிக்கொள்கிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் கால்கள் திடீரென்று வெட்டி இழுத்தால், போர்வையை இழுக்கும்போது கால் தானாக மடங்கினால், பாதம் படபடவென்று துடித்தால், "நோய் முற்றுகிறது" என்று அஞ்சுகிறார்கள். கால் தொய்ந்து அமைதியாக இருந்தால் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அந்தத் துடிப்பு, காயத்திற்குக் கீழேயுள்ள தண்டுவடமும் நரம்புகளும் உயிரோடிருப்பதற்கு அடையாளம். துணியைப்போலத் தொய்ந்து, நாளுக்கு நாள் மெலிந்து, முழங்காலில் சுத்தியலால் தட்டினாலும் அசையாத காலே மின்தூண்டலுக்கு ஏற்காத காலாக இருப்பதற்கு அதிக வாய்ப்புண்டு.

காயம் எந்த எலும்பில் என்பதும் முக்கியம். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை செல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. தொடைத் தசைகளையும் பிட்டத் தசைகளையும் இயக்கும் நரம்பணுக்கள், மார்புப் பகுதியின் கடைசி எலும்பாகிய டி-12க்கும், இடுப்புப் பகுதியின் முதல் எலும்பாகிய எல்-1க்கும் நேராக நெருங்கி அமைந்திருக்கின்றன. உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு முதுகெலும்பு அதிகமாக முறிவதும் இதே இடத்தில்தான். அசையாத மார்புக்கூடும் வளையும் இடுப்பும் சந்திக்கும் இடம் அது. ஆகவே சாரத்திலிருந்தும், பனை, தென்னை மரங்களிலிருந்தும் விழுந்த நம் ஜனங்களில் பலருக்குத் தெருக்கம்பி மட்டுமல்ல, வீட்டு வயரும் சேர்ந்தே கருகிவிடுகிறது. அதற்குச் சற்று மேலே, மார்புப் பகுதியின் நடுவில் அடிபட்டவருக்கு நிலைமை வேறு. அவருடைய கால் நரம்புகள் பெரும்பாலும் தப்பியிருக்கும். உடலில் அதிகப் பகுதியை இழந்தவர் அவரே; ஆனால் மின்தூண்டலுக்கு ஏற்றவரும் அவரே.

சகோதரி தம் கணவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் டி-12 முறிவு என்று இருப்பதாகவும், கால்கள் "துணி மாதிரி" இருப்பதாகவும், ஒருநாளும் வெட்டி இழுத்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். கடிதத்தைக்கொண்டு தீர்ப்புச் சொல்வது முறையல்ல. இருப்பினும் இவை நம்பிக்கையூட்டும் அடையாளங்கள் அல்ல என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. சகோதரியே, அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் கணவரை ஒரு பிசியோதெரபி நிலையத்திற்கு அழைத்துச் சென்று, தசை தூண்டும் சாதாரண இயந்திரத்தால் இரு தொடைகளையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான் அது. குறுகிய மின்துடிப்புகளுக்குத் தொடைத்தசை தெளிவாகச் சுருங்கி முழங்காலை நிமிர்த்த முயன்றால், மேற்கொண்டு பேசலாம். சற்றும் அசையாவிட்டால், மருத்துவமனையில் நரம்பு, தசைகளின் மின்சோதனை செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தச் சோதனையை மறுத்து முதலில் பணம் கேட்கிறவர் யாராயினும் அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

நரம்பு அறுந்த தசைக்கு ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஹெல்முட் கெர்ன் என்ற மருத்துவரின் குழுவினர், மிக நீண்ட மின்துடிப்புகளைத் தரும் தனிக்கருவிகளால் அத்தசைகளையே நேரடியாகத் தூண்டிப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தார்கள். தசைகள் மீண்டும் பருத்தன. சிலர் கம்பிகளைப் பிடித்து நிற்கவும் செய்தார்கள். ஆனால் அது நம் தெருமுனையில் கிடைக்கும் கருவியல்ல. வலிக்காக விற்கப்படும் சிறிய டென்ஸ் கருவியும், நிற்க வைப்பதற்கான கருவியும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நரம்பு நன்றாயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மருத்துவர் மூட்டுகளைப் பார்ப்பார். ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தே இருப்பவருக்கு இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகின்றன. பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து நின்றுவிடுகிறது. இடுப்பும் முழங்காலும் முழுவதும் நிமிராவிட்டால், உள்ளங்கால் தரையில் பதியாவிட்டால், தசை எவ்வளவு பலமாகச் சுருங்கினாலும் உடல் முன்னால் சாய்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அந்தக் கால்களை நீட்டி மடக்கிவிடவில்லை என்பதற்காகவே தகுதி இழந்தவர்கள் அநேகர். இது மனைவியோ தாயோ வீட்டிலேயே தினமும் காலையும் மாலையும் செய்யக்கூடிய வேலை, செலவில்லாதது. கவிழ்ந்து படுக்க முடிந்தவரைத் தினமும் சிறிது நேரம் அப்படிப் படுக்க வைத்தாலே இடுப்பு மடங்கி இறுகுவது வெகுவாகத் தடுக்கப்படும்.

அதற்கடுத்தது எலும்பு. பாரம் தாங்காத எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. அடிபட்ட முதல் ஓரிரு ஆண்டுகளில் முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புகள் வேகமாக மெலிகின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கால் சற்றுத் திருகினாலே முறிந்தவர்கள் உண்டு. வலி தெரியாததால் வீக்கத்தைக் கண்ட பிறகே முறிவு தெரியவரும். இப்படிப்பட்ட காலில் திடீரென்று பலத்த மின்சாரத்தைச் செலுத்தி, தசையை முழு விசையோடு இழுக்க வைத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரேயும், கிடைக்குமானால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா சோதனையும் இல்லாமல் ஒருவரையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. இடுப்பு மூட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருக்கிறதா என்பதும் அதே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

நிற்பவரைக் கால்கள் மட்டும் தாங்குவதில்லை. கைகளும் தோள்களும் தாங்குகின்றன. சமநிலை காப்பது முழுவதும் கைகளின் வேலை. ஆகவேதான் டி-4 முதல் டி-12 வரை தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களையே இதற்குப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு உடலை நிமிர்த்திப் பிடிக்கும் பலம் போதாது. டி-6க்கும் அதற்கு மேலும் அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காயத்திற்குக் கீழே ஏற்படும் எந்தத் தொல்லையும், அது மின்தூண்டலானாலும், நிரம்பிய சிறுநீர்ப்பையானாலும், மடங்கிப்போன சிறுநீர்க் குழாயானாலும், இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். தலை வெடிப்பது போன்ற வலி, முகம் சிவத்தல், வியர்வை இவை கண்டால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாயைச் சரிபார்த்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மின்தூண்டலை நினைத்தே பார்க்காத குடும்பங்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், கால் நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பவர், கட்டுப்படாத வலிப்பு நோயுள்ளவர், கர்ப்பவதிகள் ஆகியோருக்கு இது கூடாது. படுக்கைப் புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தசை இறுக்கம் மிதமாயிருப்பது நல்லது. அளவுக்கு மிஞ்சினால் அதுவே எதிராளியாகிவிடும். உணர்வு ஓரளவு மீந்திருப்பவருக்கு மின்சாரம் தாங்கமுடியாத வலியைத் தரலாம். உணர்வே இல்லாதவருக்கு வலி இல்லை. ஆனால் மின்முனை காய்ந்து தோல் வெந்தாலும் தெரியாது என்பதால் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும். அடிபட்ட முதற்சில மாதங்களில் இயல்பாகவே ஓரளவு குணம் ஏற்படக்கூடுமாதலால், நிலைமை ஒன்றுபோல நிலைபெறும்வரை பொறுப்பது வழக்கம்.

இவையெல்லாம் பொருந்திவந்தாலும் முதல் நாளே ஒருவரும் நிற்பதில்லை. மெலிந்த தசையை முதலில் வளர்க்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மின்தூண்டலால் முழங்காலை நிமிர்த்தும் பயிற்சியை அநேகமாகத் தினமும் செய்ய வேண்டும். இது வாரக்கணக்கில், பெரும்பாலும் மாதக்கணக்கில் நீளும். ஆகவே மருத்துவர்கள் நோயாளியின் மனதையும் வீட்டையும் சேர்த்தே ஆராய்கிறார்கள். அவர் இதை விரும்புகிறாரா, அல்லது வீட்டார் விரும்புவதால் தலையாட்டுகிறாரா? மின்முனை ஒட்ட உதவிக்கு யார் இருக்கிறார்கள்? கணவன் படுத்த நாள்முதல் வீட்டுவேலைக்குச் சென்று குடும்பத்தைக் காப்பாற்றும் மனைவிக்கு அந்த ஒருமணி நேரம் எங்கிருந்து வரும்? மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத சாலில் குடியிருப்பவர் வாரம் இருமுறை எப்படி மருத்துவமனைக்கு இறங்கிவருவார்? என் கருத்தில், நம் நகரங்களில் பலருடைய தகுதியைத் தீர்மானிப்பது தண்டுவடத்தைக்காட்டிலும் இந்தக் கேள்விகளே.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது என்ன? அமெரிக்காவின் அட்ரியன் காண்ட்ரோவிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1960இல் முதன்முதலாக இவ்வகையில் ஒரு நோயாளியை நிற்கச் செய்தபோது, அவர் நின்றது சில நிமிடங்களே. பின்பு ஸ்லொவேனியாவின் லியூப்லியானா நகரில் அலோய்ஸ் கிரால்ய், டாடேய் பாய்ட் ஆகியோர் இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக வளர்த்தார்கள். இரு தொடைகளிலும் மின்முனைகள், கைக்குப் பிடிமானம், இவ்வளவு இருந்தால் நிற்கலாம் என்று காண்பித்தவர்கள் அவர்களே. அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான் டேவிஸ் என்ற மாணவி 1983இல் மின்தூண்டலின் துணையால் நடந்துசென்று பட்டம் பெற்றதை உலகமே வியந்து பார்த்தது. ஆயினும் அது அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து விடுவித்துவிடவில்லை. 1994இல் பாராஸ்டெப் என்னும் கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. கிளீவ்லாந்தில் தோலுக்கடியிலேயே கருவியைப் பதித்து நிறுத்தினார்கள். அவர்களிலும் நீண்ட நேரம் நின்றவர்கள் உண்டு. ஓரிரு நிமிடங்களோடு உட்கார்ந்தவர்களும் உண்டு.

காரணம் களைப்பு. நாம் இயல்பாக நிற்கும்போது உடற்பாரம் முழங்காலுக்குச் சற்று முன்னே விழுவதால் தொடைத்தசைக்கு அதிக வேலையில்லை. மேலும், எளிதில் களைப்படையாத தசைநார்களையே உடல் முதலில் பயன்படுத்துகிறது. மின்சாரமோ அந்த ஒழுங்கை அறியாது. விரைவில் களைக்கும் நார்களையே அது முதலில் பிடித்து இழுக்கிறது. அவற்றை இளைப்பாறவும் விடுவதில்லை. ஆகவே சில நிமிடங்களில் முழங்கால் நடுங்கத் தொடங்கும். அதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும். உயரத்திலுள்ள ஒரு பொருளை எடுக்கலாம், கட்டிலுக்கு மாறலாம், பிறரைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசலாம். தசை பருப்பதால் உட்காரும் இடத்தில் அழுத்தம் குறையும். கால்களில் இரத்த ஓட்டம் நன்றாகும். இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் கம்பியைக் கழற்றியவுடன் கால் முன்போலவேதான் இருக்கும். அறுந்த தண்டுவடம் இதனால் ஒட்டுவதில்லை.

இதைச் சபைகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பியின் துணையால் ஒருவர் நிற்பதைக் கண்டு, அவரை மேடைக்கு அழைத்து நிறுத்திக் கரம் தட்டுவது அவருக்குச் செய்யும் நன்மையல்ல. மறுநாள் அவர் சக்கர நாற்காலியில் வரும்போது "ஏன் விசுவாசம் குறைந்துபோனது?" என்று கேட்கும் நாவுகளும் அதே கூட்டத்தில் இருக்கும். அவருக்காக ஜெபிக்கிறவர்கள், அவருடைய வீல்சேர் ஆராதனை அறைக்குள் நுழைய ஒரு சாய்வுப் பலகை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகரிலும், பின்பு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும், தண்டுவடத்தின்மேலேயே மின்முனைகளைப் பதித்துச் சிலரை நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் செய்த செய்திகளை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அது வேறு முறை. ஆராய்ச்சி நிலையங்களில், கவனமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு, நீண்ட பயிற்சியோடு செய்யப்பட்டது. அதன் பெயரைச் சொல்லித் தொடையில் ஒட்டும் கருவியை விற்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்கள் நிற்கவே முடியாது என்று எண்ணவேண்டாம். மும்பையில் ஹாஜி அலியிலுள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம், புதுடெல்லி வசந்த் குஞ்சிலுள்ள இந்திய முதுகுத்தண்டு காய மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ், நம் வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இத்தகையவர்களை முழுமையாகப் பரிசோதிக்கும் மறுவாழ்வுப் பிரிவுகள் உண்டு. வேலூரின் அந்தப் பிரிவை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலூரில் மறுவாழ்வு நிலையம் 1966இல் எழுந்தது அவருடைய முயற்சியால்தான்.

அப்படிப்பட்ட இடங்களில் கால் முழுவதையும் தாங்கும் காலிப்பர்களையோ, நிற்கும் சட்டத்தையோ பரிந்துரைப்பார்கள். நிற்கும் சட்டம் என்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் பட்டைகள் வைத்த மரச்சட்டம். நரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூட்டு நிமிருமானால், எலும்பும் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால், அதில் நிற்கலாம். பிசியோதெரபிஸ்ட் அளவு எடுத்துக் கொடுத்தால் நம் பகுதியிலுள்ள தச்சரே செய்துவிடுவார். முதல் நாளிலேயே நீண்ட நேரம் நிறுத்தாதீர்கள். பல மாதங்கள் படுத்திருந்தவரை நிமிர்த்தியதும் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முகம் வெளிறினாலோ கண் இருண்டாலோ உடனே பட்டைகளைக் கழற்றிப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். இறக்கிய பின் முழங்காலிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரத்தில் அந்தச் சிவப்பு மறையாவிட்டால், பட்டைக்கு இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும்.